குதிகாலுக்கு மருந்து படிக்கட்டில் இருக்கிறது

குதிகால் வலி என்று பிசியோதெரபி அறைக்குள் வருகிறவர்களில் பலர் கையில் ஒரு பெரிய உறை இருக்கும். நாற்காலியில் உட்காரும் முன்பே உள்ளேயிருக்கும் எக்ஸ்ரேயை உருவி வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார்கள். "பாருங்க, எலும்பு வளந்திருக்கு. முள்ளு மாதிரி நீட்டிக்கிட்டு நிக்குது. நடந்தா அதுதான் குத்துது." படத்தில், குதிகால் எலும்பின் அடியில் கூர்மையாக ஒரு சிறு நீட்சி தெரியத்தான் செய்கிறது. அதைப் பார்த்த நாளிலிருந்து அவர்கள் காலை அழுத்தி ஊன்றவே பயப்படுகிறார்கள். மாடிப்படி ஏறுவதில்லை. மார்க்கெட்டுக்கு நடப்பதில்லை. கோயில் பிராகாரத்தை ஒரு சுற்றோடு முடித்துக்கொள்கிறார்கள். ஆபரேஷன் செய்து முள்ளை எடுத்துவிடலாமா என்று கேட்கிறார்கள்.

அந்தப் பயம் தேவையில்லை. அந்த முள் தரையை நோக்கி வளர்வதில்லை. கால் விரல்களை நோக்கிப் படுக்கைவாக்கில் வளர்கிறது. அது பாதத்தைக் குத்துவதற்கு வழியே இல்லை. குதிகாலில் வலியே இல்லாத எத்தனையோ பேரின் எக்ஸ்ரேயில் இதே முள் இருக்கிறது. வலியில் துடிக்கும் எத்தனையோ பேருக்கு முள் இல்லை. சிகிச்சைக்குப் பின் வலி முழுக்கப் போனவர்களுக்கு மறுபடி படம் எடுத்தால், முள் இருந்த இடத்திலேயே இருக்கும். குற்றவாளி வேறு.

மருத்துவம் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'பிளான்டார் ஃபேஷியைடிஸ்'. பத்துப் பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வரும் என்பது பாடநூல் கணக்கு. உயிருக்கு ஆபத்தில்லாத நோய் என்பதாலேயே வீட்டிலும் வேலையிடத்திலும் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வலியோடு நிற்பவருக்குத்தான் அதன் கனம் தெரியும். இதற்கான சிகிச்சையில் முக்கியமான பகுதி இயன்முறை மருத்துவரிடம் கற்றுக்கொண்டு நாமே செய்யும் பயிற்சி. செலவு மிகக் குறைவு. பொறுமைதான் நிறைய வேண்டும். இந்த இரண்டு செய்தியும் நோயாளிக்குச் சரியாகப் போய்ச் சேருவதில்லை என்பதே என் ஆதங்கம்.

யார் காலைத் தேடி வருகிறது?

பெரும்பாலும் 40 வயதுக்கும் 60 வயதுக்கும் இடைப்பட்டவர்களை. ஆனால் வயதைவிட, நாளெல்லாம் கால் என்ன செய்கிறது என்பதே முக்கியம். ஜவுளிக்கடையில் காலை முதல் இரவு வரை நின்று புடவை விரித்துக் காட்டும் பெண், வார்டில் ஓடும் செவிலியர், சிக்னலில் நிற்கும் போக்குவரத்துக் காவலர், கரும்பலகை முன்னால் அடுத்தடுத்த வகுப்பு எடுக்கும் ஆசிரியை, கல்யாண மண்டபத்தில் அடுப்படியைவிட்டு நகர முடியாத சமையல் மாஸ்டர், இவர்களோடு எந்தப் பட்டியலிலும் ஏறாத நம் வீட்டுப் பெண்கள். டைல்ஸ் பதித்த அடுக்களையில் வெறுங்காலோடு விடிகாலையிலிருந்து நிற்கிறார்களே, அதுவும் நிற்கும் வேலைதான்.

2003-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. இந்த வலி உள்ள 50 பேரையும் வலி இல்லாத 100 பேரையும் ஒப்பிட்டார்கள். மூன்று காரணங்கள் தனித்து நின்றன. வேலை நேரத்தின் பெரும்பகுதியை நின்றே கழிப்பது ஒன்று. அதிக உடல் எடை இன்னொன்று. மூன்றாவதும் மிக வலுவானதுமான காரணம், கணுக்கால் இறுக்கம். அதாவது பாதத்தை முழங்காலை நோக்கி மேலே மடக்க முடியாமல் கெண்டைக்கால் பிடித்துக்கொள்வது. முதல் காரணத்தை முதலாளிதான் மாற்ற வேண்டும். இரண்டாவது மாறுவதற்குப் பல மாதங்கள் ஆகும். மூன்றாவதை இன்றைக்கே தொடங்கலாம். பிசியோதெரபிக்கு இங்கே இவ்வளவு இடம் இருப்பது அதனால்தான்.

இன்னொரு வகையினரை நம் ஊரில் அதிகம் பார்க்கலாம். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை என்று வந்துவிடுகிறது. "தினமும் நடங்க" என்கிறார் டாக்டர். இருபது வருடமாக நாற்காலியிலேயே இருந்தவர், மறுநாள் விடிந்ததும் ஒரு பழைய செருப்பை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நடக்கத் தொடங்குகிறார். சில வாரங்களில் குதிகால் பிடித்துக்கொள்கிறது. நடை நின்றுபோகிறது. சர்க்கரை ஏறுகிறது. இதில் நடையின்மீது குற்றமில்லை. ஒரே நாளில் அத்தனை சுமையைக் காலில் ஏற்றியதுதான் தவறு. திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். ஆண்டு முழுவதும் அதிகம் நடக்காதவர் பௌர்ணமியன்று அதை வெறுங்காலோடு ஒரே மூச்சில் சுற்றினாலும், தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை கிளம்பினாலும் கதை இதுவே. வேண்டுதலை விட வேண்டாம். முன்கூட்டியே சில வாரங்கள் கொஞ்சம் கொஞ்சமாக நடந்து காலைப் பழக்கிவிட்டுக் கிளம்பலாம்.

உள்ளங்காலின் ராட்டினம்

குதிகால் எலும்பின் அடியில், உட்புறமாக ஒரு மேடு இருக்கிறது. அங்கிருந்து புறப்பட்டு ஐந்து விரல்களின் அடி வரைக்கும் விசிறியாகப் பிரிந்து செல்கிறது கெட்டியான ஒரு நார்ப்பட்டை. அதுதான் பிளான்டார் ஃபேஷியா. பாதத்தின் வளைவைத் தூக்கிப் பிடித்திருப்பது அதுவே. நடக்கும்போது குதிகாலைத் தூக்கி விரல்களை ஊன்றி உடலை முன்னே தள்ளுகிறோம் அல்லவா? அந்தக் கணத்தில் விரல்கள் மேல்நோக்கி மடங்குகின்றன. கிணற்று உருளையில் கயிறு சுற்றச் சுற்ற வாளி மேலே வருவதுபோல, நார்ப்பட்டை விரல் எலும்புகளின் அடிமூட்டைச் சுற்றி இழுபட, குதிகால் விரல்களை நோக்கி நகர்ந்து, பாத வளைவு உயர்கிறது. தொளதொளவென்றிருந்த பாதம் ஒரு நொடியில் உறுதியான நெம்புகோலாகிறது. இந்த இயக்கத்தை 1954-ல் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் விளக்கினார். இன்றைய பயிற்சிகளில் முக்கியமானவை அவர் காட்டிய அந்த ஒரு இயக்கத்தின்மேல்தான் நிற்கின்றன.

ஒவ்வொரு அடியிலும் அந்தப் பட்டை இழுபட்டுத் தளர்கிறது. தாங்கும் அளவுக்கு இழுத்தால் வலுப்படுகிறது. தாங்க முடியாத அளவுக்கு, ஆற நேரமே கொடுக்காமல் நாள் முழுக்க இழுத்தால், குதிகால் எலும்பில் அது ஒட்டும் இடத்தில் நைந்துபோகிறது, தடித்தும் போகிறது. இரவில் படுத்திருக்கும்போது பாதம் கீழ்நோக்கித் தொங்க, கெண்டைக்காலும் நார்ப்பட்டையும் சுருங்கிய நிலையிலேயே மணிக்கணக்கில் இருக்கின்றன. காலையில் எழுந்து முதல் அடி வைத்ததும் மொத்த உடல் எடையும் ஒரே இழுப்பில் அதன்மேல் இறங்குகிறது. ஆணி அறைந்த மாதிரி வலிக்கிறது என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் போய் வருவதற்குள் கொஞ்சம் குறைகிறது. பஸ்ஸில் அரை மணி உட்கார்ந்து எழுந்தால் மறுபடி. சாயங்காலம் ஆக ஆக வேறு மாதிரி, மந்தமாக, கனமாக. இந்த வரிசையைக் கேட்டதுமே அனுபவமுள்ளவர்கள் நோயைக் கண்டுபிடித்துவிடுவார்கள். குதிகாலின் உட்புற முன்ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் நோயாளி துள்ளுவார். பெரும்பாலானோருக்கு எக்ஸ்ரேகூட வேண்டியதில்லை.

2003-ல் வெளியான இன்னொரு ஆய்வு இந்த நோயைப் பற்றிய பார்வையையே மாற்றியது. அறுவை சிகிச்சையின்போது எடுத்த 50 பேரின் திசுவை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். எல்லோரும் எதிர்பார்த்த அழற்சி அங்கே இல்லை, நார்கள் சிதைந்திருந்தன. நீண்டநாள் வலிக்கு வெறும் மாத்திரை ஏன் போதவில்லை என்பதற்கு இதில் விடை இருக்கிறது. மாத்திரை வலியைக் கொஞ்சநேரம் அமர்த்தும். சிதைந்த நாரை வலுவாக்க அதனால் ஆகாது. நாரை வலுவாக்குவது அளவான இழுப்பும் அளவான சுமையும்தான்.

கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்

நல்ல இயன்முறை மருத்துவர் முதல் நாள் உங்கள் காலைத் தொடுவதைவிட அதிக நேரம் கேள்வி கேட்பார். என்ன வேலை, எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள், வீட்டில் தரை என்ன, செருப்பு எப்போது வாங்கியது, சமீபத்தில் எதைப் புதிதாகத் தொடங்கினீர்கள் என்று. செருப்பைக் கழற்றிக் காட்டச் சொல்லி அடிப்பக்கத் தேய்மானத்தைப் பார்ப்பார். சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லி, குதிகால் தரையைவிட்டு எழும்பாமல் முழங்கால் சுவரைத் தொடுகிறதா என்று பார்ப்பார். கணுக்கால் இறுக்கம் அங்கே தெரிந்துவிடும். ஒற்றைக் காலில் நின்று எத்தனை முறை குதிகாலைத் தூக்க முடிகிறது என்று எண்ணுவார். கேள்வியே கேட்காமல் நேராகப் படுக்க வைத்து மெஷினை மாட்டுகிற இடமென்றால், அங்கே மறுநாள் போக வேண்டுமா என்று யோசிப்பது நல்லது.

முதலில் கற்றுத்தரும் பயிற்சி படுக்கையிலேயே செய்வது. எழுந்ததும் காலைத் தரையில் வைக்காதீர்கள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, வலிக்கும் காலை மறு தொடையின்மேல் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கையால் ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்து, கணுக்காலை நோக்கி மேலே மடக்குங்கள். மற்றக் கையால் உள்ளங்காலைத் தடவிப் பார்த்தால், நடுவே நார்ப்பட்டை இறுகி நிற்பது விரலுக்குத் தெரியும். தெரிந்தால் சரியாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம். பத்து எண்ணும் வரை பிடித்து விடுங்கள். இப்படிப் பத்து முறை. அதன் பிறகுதான் முதல் அடி. தரையில் பாய் விரித்துப் படுப்பவர்கள் பாயில் உட்கார்ந்தபடியே செய்யலாம். பகலிலும் இரண்டு வேளை இதைச் செய்ய வேண்டும், முக்கியமாக நெடுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழும்போது.

இவ்வளவு எளிதாக இருக்கிறதே என்று அலட்சியம் வரலாம். அமெரிக்காவின் ரோசெஸ்டரில் டிஜியோவன்னி தலைமையிலான குழு, குறைந்தது பத்து மாதங்களாக வலியில் இருந்த 101 பேரை இரண்டு பிரிவாக்கிச் சோதித்தது. ஒரு பிரிவுக்கு இந்தப் பயிற்சி, மற்றதற்கு வழக்கமான கெண்டைக்கால் நீட்டல். எட்டு வாரத்தில் முதல் பிரிவுதான் முந்தியது. பிறகு எல்லோருக்குமே இந்தப் பயிற்சியைக் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்துத் தொடர்புகொள்ள முடிந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வலி குறைந்திருந்தது. அதற்காகக் கெண்டைக்கால் நீட்டலைக் கைவிட வேண்டாம். சுவரில் இரு கைகளையும் ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையில் பதிய முன்னால் சாய்வதுதான் அது. முழங்காலை நீட்டி ஒருமுறை, லேசாக மடக்கி ஒருமுறை. இரண்டும் வெவ்வேறு தசைகளுக்கு.

துண்டும் படிக்கட்டும்

நீட்டுவது பாதி வேலைதான். வலுவாக்குவது மறுபாதி. நம்மில் பலர் தவறவிடுவதும் அதைத்தான். வலி கொஞ்சம் குறைந்ததும் பயிற்சியை நிறுத்திவிடுகிறோம். நார்ப்பட்டை பழைய பலவீனத்தோடுதான் இருக்கிறது. தீபாவளிக் கூட்டத்தில் கடையில் பத்து நாள் கூடுதலாக நின்றதும் வலி திரும்புகிறது. "போன வருஷமே சரியாப் போச்சே" என்று வருத்தப்படுகிறோம்.

டென்மார்க்கில் ராத்லெஃப் என்ற இயன்முறை மருத்துவரும் அவர் குழுவும் 48 பேரை வைத்து ஒரு முறையைச் சோதித்து 2014-ல் வெளியிட்டார்கள். ஒரு துண்டைச் சுருட்டிப் படிக்கட்டின் ஓரத்தில் வைக்க வேண்டும். விரல்கள் அந்தத் துண்டின்மேல் ஏறி மேல்நோக்கி மடங்கியிருக்க, முன்பாதத்தைப் படியில் ஊன்றி நிற்க வேண்டும். குதிகால் படிக்கு வெளியே. மூன்று எண்ணிக்கொண்டே குதிகாலை மேலே தூக்கி, உச்சியில் இரண்டு எண்ணும் வரை நின்று, மூன்று எண்ணிக்கொண்டே கீழே இறக்க வேண்டும். நிதானம்தான் இதன் உயிர். துண்டு எதற்கென்றால், ஹிக்ஸ் விளக்கிய அந்த இழுப்பைப் பயிற்சி நெடுகிலும் நார்ப்பட்டையில் வைத்திருப்பதற்கு. சும்மா குதிகாலைத் தூக்குவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

வலிக்கும் ஒற்றைக் காலில் செய்வது இலக்கு. முடியாதவர்கள் இரு காலிலும் தொடங்கலாம். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொள்ளலாம், பிடித்துக்கொள்ளவும் வேண்டும். முதல் இரண்டு வாரம் பன்னிரண்டு முறை வீதம் மூன்று சுற்று. பிறகு பள்ளிக்கூடப் பையில் புத்தகங்களை அடுக்கி முதுகில் மாட்டிக்கொண்டு பத்து முறை வீதம் நான்கு சுற்று. இன்னும் கனம் கூட்டி எட்டு முறை வீதம் ஐந்து சுற்று. தினமும் செய்யக் கூடாது. ஒருநாள் விட்டு ஒருநாள். சுமை ஏற்றிய திசு ஆறி வலுப்பெற அந்த இடைநாள் தேவை. மூன்று மாத முடிவில், நீட்டல் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட இவர்கள் நன்றாக இருந்தார்கள். ஓராண்டு முடிவில் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்துவிட்டன. அதனால் இது மட்டுமே வழி என்று சொல்ல மாட்டேன். சீக்கிரம் வேலைக்கு நிற்க வேண்டியவருக்கு அந்த முதல் சில மாதங்கள் எவ்வளவு பெரியவை என்பதை நினைத்துப் பாருங்கள்.

வலிக்கும் காலுக்கே சுமை ஏற்றுவதா என்ற பயம் எல்லோருக்கும் வரும். பயிற்சியின்போது தாங்கக்கூடிய அளவுக்கு வலிப்பது தவறில்லை. அளவுகோல் மறுநாள் காலை முதல் அடி. அதில் வலி வழக்கத்தைவிடக் கூடியிருந்தால் நேற்று அதிகமாகச் செய்துவிட்டீர்கள், குறையுங்கள். கூடவில்லையென்றால் தொடரலாம். நடைப்பயிற்சிக்கும் இதே அளவுகோல்தான். ஒரு மணி நேரம் நடந்தவர் இருபது நிமிடமாகக் குறைத்துக்கொண்டு மீதிக்குச் சைக்கிள் மிதிக்கலாம். அடியோடு நிறுத்திவிட்டால், சர்க்கரைக்காரருக்கு அது வேறு வாசலில் ஆபத்தைக் கூட்டிவரும்.

இதனோடு சேரும் துணைகள் சில. வலி உச்சத்தில் இருக்கும் நாட்களில் பாதத்தை அணைத்து ஒட்டும் டேப் சில நாள் நிம்மதி தரும். குதிகாலுக்கு மெத்தென்ற அடியும் வளைவுக்குத் தாங்கலும் உள்ள காலணி வேண்டும். அளவெடுத்துச் செய்யும் விலையுயர்ந்த உள்தகடுகள், கடையில் கிடைக்கும் சாதாரண உள்தகட்டைவிடப் பெரிய நன்மை தருவதாக ஆய்வுகள் காட்டவில்லை. அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள். நம் ஊர்ச் சிக்கல் வேறு. வீட்டுக்குள் செருப்பா என்ற தயக்கம். வாசலைத் தாண்டாத, கழுவி வைத்த தனி ஜோடி ஒன்றை வீட்டுக்கென்றே வைத்துக்கொண்டால் பூஜையறைக்கு வெளியே விட்டுவிட்டுப் போகலாம். பல அம்மாக்கள் இப்போது மெத்தென்ற ரப்பர் அடியுள்ள எம்.சி.ஆர். செருப்பை அடுக்களைக்கென்றே வைத்திருக்கிறார்கள். அடுப்புக்கு முன்னால் ஒரு தடிமனான ரப்பர் பாய் போட்டாலும் உதவும்.

கரண்ட், ஊசி, செங்கல்

"அஞ்சு நாள் கரண்ட் வச்சாங்க, சரியாகல" என்ற புகாரை அடிக்கடி கேட்கலாம். கரண்ட் என்று மக்கள் சொல்வது பெரும்பாலும் அல்ட்ராசவுண்ட் கருவியையோ, மெல்லிய மின்சாரம் பாய்ச்சும் ஐ.எஃப்.டி. கருவியையோ. மெழுகு ஒத்தடமும் உண்டு. வைத்த நேரத்துக்கு இதமாக இருக்கும். ஆனால் குதிகால் வலிக்கு அல்ட்ராசவுண்ட் வைத்ததற்கும் வைத்ததாகப் பாவனை செய்ததற்கும் வித்தியாசமில்லை என்று 1996-லேயே பிரிட்டனில் ஓர் ஆய்வு சொல்லிவிட்டது. அமெரிக்க இயன்முறை மருத்துவர்களின் வழிகாட்டுதலும் இந்த வலிக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை. நம் ஊரில் நோயாளிக்கும் மெஷின்மீது ஒரு மயக்கம் இருக்கிறது. பயிற்சி மட்டும் சொல்லிக் கொடுத்தால் "ஒண்ணுமே பண்ணல, பேசி அனுப்பிட்டாங்க" என்கிறோம். பேசி, செய்துகாட்டி, நம்மைச் செய்யவைத்துத் திருத்தி அனுப்பியவர்தான் சிகிச்சை செய்தவர். அவர் வாங்கும் கட்டணம் அதற்குத்தான்.

ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில வாரம் வலி மறைவது உண்மை. ஒரு மாதத்துக்கு மேல் அந்தப் பலன் நிற்பதற்கு ஆதாரமில்லை என்கிறது 2017-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு. திரும்பத் திரும்பப் போட்டால் நார்ப்பட்டையே அறுந்துபோகலாம், குதிகாலில் இயற்கை வைத்த கொழுப்பு மெத்தை கரைந்துபோகலாம். வலி தாங்காமல் பயிற்சியையே தொடங்க முடியாதவருக்கு மருத்துவர் யோசித்து ஒருமுறை போடுவது வேறு. வலிக்கும் போதெல்லாம் போய்ப் போட்டுக்கொள்வது வேறு. பல மாதப் பயிற்சிக்கும் அசையாத வலிக்கு ஷாக்வேவ் சிகிச்சை இருக்கிறது. அறுவை சிகிச்சை மிகச் சிலருக்கே தேவைப்படும்.

செங்கல்லைச் சுட்டு, அதன்மேல் எருக்க இலையை அடுக்கி, குதிகாலை வைத்து எடுக்கும் வைத்தியம் நம் கிராமங்களில் இன்றும் உண்டு. சூடு தசையைத் தளர்த்தும், இதமும் தரும். அதை நான் குறை சொல்ல மாட்டேன். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. அவர்களில் பலருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். அவர்களுக்கே அது தெரியாது. செங்கல் தோலைப் பொசுக்குவது தெரியாமலே வைத்திருப்பார்கள். கொப்புளம் புண்ணாகி, புண் ஆறாமல், குதிகால் வலிக்கென்று தொடங்கியது காலை இழப்பதில் போய் முடியலாம். வெந்நீர்ப் பை, சுடுமணல் எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கை. அவர்கள் வலியென்று வந்தால், முதலில் பாதத்தின் உணர்ச்சியைச் சோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

எல்லாக் குதிகால் வலியும் ஃபேஷியைடிஸ் அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இருபது, முப்பது வயது இளைஞருக்கு இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் முதுகும் நெடுநேரம் விறைத்திருந்தால், அது முதுகெலும்பைத் தாக்கும் வாத நோயின் அறிகுறியாக இருக்கலாம்; வாதநோய் நிபுணரைப் பார்க்க வேண்டும். குதிகாலை இரு பக்கமும் அமுக்கினால் உயிர் போகிறது, படுத்திருந்தாலும் விடவில்லை என்றால் எலும்பில் நுண்முறிவைச் சந்தேகிக்க வேண்டும். எரிச்சல், மரத்துப்போதல், ஊசி குத்தல் இருந்தால் நரம்பு. காய்ச்சல், வீக்கம், சிவப்பு இருந்தால் அன்றைக்கே மருத்துவர். விளையாடிவிட்டு வரும் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளை குதிகாலின் பின்புறம் வலிக்கிறது என்றால், அது வளரும் எலும்பின் தொந்தரவு. பெரியவர்களுக்கான பயிற்சியை அவர்கள்மேல் ஏற்றக் கூடாது.

உட்காரும் உரிமை

இந்த வலி ஓராண்டுக்குள் பெரும்பாலானோருக்குத் தானாகவே போய்விடும் என்று நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். 2018-ல் டென்மார்க்கிலிருந்து வந்த ஓர் ஆய்வு அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் அசைத்தது. மருத்துவமனைக்கு அனுப்பப்பட்ட 174 நோயாளிகளைப் பல ஆண்டுகள் கழித்து விசாரித்ததில், ஐந்தாண்டுக்குப் பின்னும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வலி மிச்சமிருந்தது. மருத்துவமனை வரை வந்தவர்கள் என்பதால் அவர்கள் நிலை மற்றவர்களைவிடக் கொஞ்சம் மோசமாகவே இருந்திருக்கும். ஆனாலும் தானாகப் போகட்டும் என்று விட்டுவைப்பது நல்ல யோசனையில்லை. தொடங்கிய சில வாரங்களிலேயே பயிற்சியைப் பிடித்துக்கொள்வது நல்லது.

எனக்கு அதிகம் கவலை தருவது, பயிற்சியை ஒழுங்காகச் செய்தும் ஆறாதவர்கள். அவர்களில் பலருக்குக் காலில் கோளாறு இல்லை. வேலை நேரத்தில்தான் கோளாறு. 2010-ல் வசந்தபாலன் இயக்கிய 'அங்காடித் தெரு' படத்தைப் பார்த்தவர்களுக்கு ஜவுளிக்கடை ஊழியர்களின் வாழ்க்கை தெரியும். காலையில் பத்து நிமிடம் நாரை நீட்டி, பிறகு பத்து, பன்னிரண்டு மணி நேரம் அதை நசுக்கினால் எந்தப் பயிற்சி என்ன செய்யும்?

கோழிக்கோட்டில் விஜி என்ற தையல்காரர் கடைப் பெண்களைத் திரட்டி உட்காரும் உரிமை கேட்டுப் போராடியதன் பலனாக, 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. அடுத்து வந்தது தமிழ்நாடு. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற புதிய பிரிவைச் சேர்க்கும் மசோதாவை 2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி.கணேசன் பேரவையில் வைத்தார், அது நிறைவேறியது. ஒவ்வொரு நிறுவனத்திலும் எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும் போதெல்லாம் அவர்கள் உட்கார வழி இருக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. கண்ணியத்துக்காகக் கேட்டு வாங்கிய சட்டம் அது. குதிகாலைப் பொறுத்தவரை அதுவே மருத்துவமும்கூட. ஆனால் இருக்கை இருந்தும், மேற்பார்வையாளர் என்ன நினைப்பாரோ என்று உட்காராமல் நிற்கும் பெண்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

இங்கே மருத்துவர்களும் இயன்முறை மருத்துவர்களும் ஒன்று செய்யலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது. சென்னையில் கே.கே.நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. விடுப்பெடுத்தால் சம்பளம் போகும் ஒருவர் தினமும் அங்கே வர முடியாது; வரவும் தேவையில்லை. பயிற்சியை ஒருநாள் நன்றாகக் கற்றுக்கொடுத்து, சில வாரத்துக்கு ஒருமுறை பார்த்துச் சரிசெய்தால் போதும். அவர் கிளம்பும்போது, காலை மாலைப் பயிற்சிகளை எழுதித்தரும் அதே சீட்டில் இன்னொரு வரியையும் சேர்த்து எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தரலாம்: 'இவர் வேலை நேரத்தில் மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடமாவது உட்கார வேண்டும்.' பெரிய கடையின் மேலாளரிடம் ஒரு விற்பனைப் பெண் வாயால் கேட்கத் தயங்குவதை, அந்தச் சீட்டைக் காட்டிக் கேட்டுவிடலாம்.